காரைக்குடியில் டிபிடி சிகிச்சை: ஓர் அக்காவின் மதிப்புரை

சாக வேண்டும் என்ற எண்ணம் என் தங்கையை விடாமல் அலைக்கழித்த நாட்களில், மனநல மருத்துவரின் பரிந்துரைப்படி, காரைக்குடியில் உள்ள ஒரு சிறிய ஆலோசனை மையத்தில் டிபிடி எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சைக்கு அவளைச் சேர்த்தோம். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய முறை இது. 1991இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இதைப் பெற்ற பெண்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் செயல்கள் குறைந்திருந்தன.

வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு வகுப்பு. எண்ணம் எவ்வளவு வலுவாக வந்தது என்பதை அன்றாடம் 0 முதல் 5 வரை அட்டையில் குறிக்க வேண்டும்; அடுத்த அமர்வு அந்த அட்டையிலிருந்தே தொடங்கும். ஆலோசகர் அவளை ஒருபோதும் கடிந்துகொள்ளவில்லை. “உங்கள் வலி உண்மையானது, அதனுடன் வாழும் வழியும் மாறவேண்டும்” என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார்; இச்சிகிச்சையின் உயிர்நாடி அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாலை, வீட்டின் வளவு முற்றத்துத் தூணருகே அமர்ந்து, கொந்தளிப்பைத் தணிக்க வகுப்பில் கற்றபடி பித்தளைக் குண்டானில் இருந்த குளிர்ந்த நீரில் மூச்சை அடக்கி முகத்தை அமிழ்த்தி எழுந்தவள், “அலை இறங்கிவிட்டது அக்கா” என்றாள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

குறை ஒன்று உண்டு: அட்டை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். மையத்தின் தொலைபேசி உதவியும் இரவு ஒன்பதுடன் நின்றுவிடும். அதற்குப் பிறகு, எந்நேரமும் இயங்கும் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைக்கச் சொன்னார்கள்.