டி.பி.எஸ். பலன் குறைந்தபோது நாங்கள் போன கிளினிக்

அப்பாவுக்கு பார்க்கின்சன். மூளையில் மின்முனைகள் வைத்து மார்பில் பேட்டரி பதிக்கும் டி.பி.எஸ். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருஷம் சட்டைப் பட்டனை அவரேதான் போட்டுக்கொண்டார். போன தீபாவளிக்கு அப்புறம் இடது கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது. ராத்திரி புரண்டு படுக்கவும் முடியவில்லை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில், "நோய் முற்றுகிறது, வயசும் ஆகிறது இல்லையா" என்று சிண்டோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். கருவியைச் சோதிக்கவே இல்லை. உடம்பு தன்னால் நெளிய ஆரம்பித்ததுதான் மிச்சம்.

தெரிந்தவர் சொல்லி இந்த கிளினிக்குக்கு வந்தோம். காலை மாத்திரை போடாமல் வரச் சொன்னார்கள். முதலில் பேட்டரியைப் பார்த்தார்கள், சார்ஜ் இருந்தது. அடுத்து ஒவ்வொரு மின்முனையின் மின்தடை. வலது மூளையில் ஓடிக்கொண்டிருந்த முனையில் தடை எக்கச்சக்கமாகக் காட்டியது. இணைப்பு அறுந்து, மின்சாரமே போகவில்லை. இடது கை மட்டும் ஏன் கெட்டது என்பது அங்கேயே விளங்கிவிட்டது.

பக்கத்து முனைக்கு மாற்றி, மின்னோட்டத்தைத் துளித்துளியாக ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் விரலைத் தட்டு, கையை விரித்து மூடு, ஞாயிறு திங்கள் சொல்லு. வியாழன் குழறியதும் ஒரு படி இறக்கினார்கள். நடுக்கம் கண்ணெதிரே நின்றது. விறைப்பு சில நிமிஷத்தில் விட்டது. நடை தெளிய நாளாகும் என்றார்கள், அப்படியேதான் ஆனது.

நடக்கும்போது பக்கம் திரும்பினால் கால் தரையில் ஒட்டிக்கொள்வது மட்டும் போகவில்லை. மின்துடிப்பின் வேகத்தை 130 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 130 துடிப்பு) 80க்கு இறக்கிப் பார்த்தார்கள்; கை நடுங்கியதால் பழையபடியே வைத்துவிட்டார்கள். பேச்சும் மெலிந்துதான் இருக்கிறது. நடுக்கத்தைத் தவிர, மாத்திரைக்கு மசியாதது பெரும்பாலும் கருவிக்கும் மசியாது என்று டாக்டர் அப்பாவிடமே நேராகச் சொன்னார். எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கிசுகிசுக்கவில்லை. எனக்கு அதற்காகவே இவர்களைப் பிடித்தது. பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்தார்.

குறை என்றால் டோக்கன் முறைதான். மாத்திரை போடாமல் விறைத்துப்போய் வருகிறவரை பதினொரு மணிவரை பெஞ்சில் உட்காரவைப்பது கொடுமை. இப்படி வருகிறவர்களுக்கு முதல் டோக்கன் தர வேண்டும். செட்டிங் விவரத்தையும் கேட்டால்தான் பிரின்ட் எடுத்துத் தருகிறார்கள்; மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு வேறு ஊரில் காட்ட உதவும்.

அப்பாவுடையது ரீசார்ஜ் ஆகாத பேட்டரி. இந்த வகை பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வரும். திடீரென்று நின்றுபோனால் உடம்பு முழுக்க விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மாற்றும் மாதத்தை இப்போதே பேசி வைத்து, ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பரும் கொடுத்திருக்கிறார்கள்.