பழைய வெப்லி ரெட்டைக்குழல் வாங்கலாமா? நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள், குழலைக் கழற்றிப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி விலைக்கு வந்தால் விற்பவர் வாயில் முதலில் வருவது இரண்டு சொல்: 'இங்கிலீஷ் கன்', 'வெள்ளைக்காரன் காலத்துது'. துப்பாக்கி வெப்லி அண்ட் ஸ்காட் என்றால் முதலாவது உண்மை. இரண்டாவதை அப்படியே நம்ப வேண்டாம். இந்தக் கம்பெனி 1979 வரை பர்மிங்காமில் ரெட்டைக்குழல் செய்துகொண்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த துப்பாக்கிக்குச் சுதந்திரத்துக்கு முந்தைய விலை கேட்பதுதான் இந்த வியாபாரத்தில் வழக்கமான ஏமாற்று. பாதி நேரம் விற்பவருக்கே தெரியாமல் நடக்கும் ஏமாற்று.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழல் நல்ல நிலையில் இருந்தால், பழைய 12 போரில் இதைவிட நம்பகமானது இந்த விலைத் தட்டில் குறைவு. ஆனால் வயதுக்காகக் கூடுதல் காசு தரத் தேவையில்லை. வருடம் கண்டுபிடிப்பது பெருமைக்காகவும் அல்ல. எந்தத் தோட்டா போடலாம், எது போடக்கூடாது என்பது அதில்தான் தெரியும்.

உள்ளே இருப்பது 1875-இல் ஆன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற பாக்ஸ்லாக் அமைப்பு. வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) தெரியாது. குழலை மடக்கும்போதே உள்ளே இருக்கும் குதிரைகள் ஏறிக்கொள்ளும். பாகங்கள் குறைவு என்பதால், பொறியைப் பக்கத் தகட்டில் பொருத்திய சைடுலாக்கைவிடப் பழுது பார்ப்பது எளிது. கம்பெனி உதிரிபாகம் இனி கிடைக்காது. தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி உடைந்தால் கடைந்து போட வேண்டும், தட்டை ஸ்பிரிங் போனால் கையால் அடித்துப் பதம் போட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 700 வரிசையில் 700 சாதா, 702 நடுத்தரம், 701 உயர்ரகம். செதுக்கு வேலையிலும் கட்டையிலும் வித்தியாசம் உண்டு. சுடுவதில் பெரிதாக இல்லை.

பெயரிலிருந்து தொடங்கலாம். பி. வெப்லி, டபிள்யூ அண்ட் சி. ஸ்காட், ரிச்சர்டு எல்லிஸ் என்ற மூன்று கம்பெனிகள் 1897-இல் ஒன்றானதில் பிறந்தது இது. அதனால் 'வெப்லி அண்ட் ஸ்காட்' என்ற பெயர் உள்ள துப்பாக்கி எதுவும் 1897-க்கு முந்தியதாக இருக்க முடியாது. 'ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி' என்ற நீளமான பெயர் இருந்தால் 1906-க்கு முந்தையது. அந்த ஆண்டுதான் பெயரைச் சுருக்கி 'லிமிடெட்' ஆக்கினார்கள். 1850-ஐச் சேர்ந்த வெப்லி அண்ட் ஸ்காட் என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இன்னொரு சிக்கல், மேலே இருக்கும் பெயர் செய்தவர் பெயராக இருக்க வேண்டியதில்லை. வெப்லி மற்ற கடைகளுக்கும் துப்பாக்கி செய்து கொடுத்தது. கல்கத்தா மாண்டன், ஆர்.பி. ரோடா, மதராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ் என்று நம் பக்கம் காணப்படும் பெயர்களில் பல விற்ற கடையின் பெயர்களே. அப்படிப்பட்ட துப்பாக்கியை மட்டமாக நினைக்கவும் வேண்டாம், அந்தப் பெயருக்காக விலையை ஏற்றவும் வேண்டாம்.

இனி நம்பர். சீரியல் நம்பர் வழக்கமாக விசைக் காப்பின் பின்வாலில், கட்டையோடு ஒட்டிப் போகும் இரும்புப் பட்டையில் இருக்கும். அதே நம்பர், பொறி அடங்கிய நடு இரும்பான ஆக்‌ஷனிலும், குழலின் அடிப்பட்டையிலும், முன்கட்டையின் இரும்பிலும் இருக்க வேண்டும். இந்த நாலு இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நம்பரின் முதல் பயன். முன்கட்டை மட்டும் வேறு நம்பர் என்றால் வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்துப் பொருத்தியது; ஆட்டம் இல்லையென்றால் விலையில் பேசிக்கொள்ளலாம். குழலும் ஆக்‌ஷனும் வேறு வேறு நம்பர் என்றால் வேண்டாம். பூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதும் சந்தேகம், உரிமப் புத்தகத்தில் எந்த நம்பர் ஏறியிருக்கிறது என்பதும் தலைவலி.

வெறும் நம்பரை வைத்து வருடம் சொல்பவர்களை அளவோடு நம்புங்கள். கம்பெனிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் நம்பர் வருடமாகும். அதுவும் சரியான நம்பரைப் படித்திருந்தால்தான். காப்புரிமைப் பயன்பாட்டு எண் ஒன்று தனியாகக் குத்தியிருக்கும். அதைச் சீரியல் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. குழலின் விட்டமான .729-ஐ '729' என்று நம்பராக எடுத்துக்கொள்வதும் நடக்கிற தப்புதான்.

வருடம் பேசுவது அடிப்பட்டை. முன்கட்டையைக் கழற்றி, மேல் நெம்பைத் தள்ளி மடக்கி, குழலைத் தனியே எடுங்கள். சேம்பருக்கு (தோட்டா உட்காரும் இடம்) கீழே தட்டையாக இருக்கும் இரண்டு பட்டைகளிலும், ஆக்‌ஷனில் அவை உட்காரும் இடத்திலும் முத்திரைகள் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். மங்கிய முத்திரைக்கு மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் உரு தெரியும். உப்புத்தாள், கம்பி பிரஷ் பக்கமே போகக்கூடாது. இதெல்லாம் உரிமக்காரர் முன்னிலையில், அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. 'வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் 1813-இலிருந்து குழல்களைச் சோதித்து முத்திரை குத்துகிறது. குறுக்கே சாய்ந்த இரு செங்கோல், மேலே கிரீடம், இடையில் பி.பி.சி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1904-க்கு முந்தையது. வெப்லி அண்ட் ஸ்காட் பெயரோடு சேர்த்துப் பார்த்தால் 1897-க்கும் 1904-க்கும் நடுவில். 1904-இலிருந்து கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்று தனித்தனி முத்திரைகள் வந்தன. கடைசியில் உள்ள என்.பி. புகையில்லா வெடிமருந்துக்கான சோதனை. அது இல்லாத குழலில் இன்றைய தோட்டா போடக்கூடாது. சுவரில் மாட்டும் ஆசை இருந்தாலும் அதற்கும் உரிமம் வேண்டும்.

1904 முதல் 1954 வரை ஐம்பது வருட இடைவெளி. அதைப் பாதியாக வெட்டித் தருவது 1925-இல் மாறிய முத்திரை விதி. விட்டம் '12', '13/1' என்று போர் எண்ணாகக் குத்தியிருந்து, சாய்சதுரத்துக்குள் 12-ம் சி எழுத்தும் மட்டும் இருந்தால் 1925-க்கு முந்தையது. '.729' என்று தசமத்தில் விட்டமும், கூடவே 2½ அங்குலம் என்று சேம்பர் நீளமும் இருந்தால் பிந்தையது. 1954-க்குப் பிறகு மூன்று முத்திரைக்குப் பதில் கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்ற ஒரே முத்திரை. பக்கத்தில் சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் என்ற அழுத்தக் கணக்கு. 2½ அங்குல சேம்பருக்கு 3 டன், 2¾-க்கு 3¼ டன். பழைய முத்திரை எதுவும் இல்லாமல் 'டன்' மட்டும் கண்ணில் பட்டால் 'வெள்ளைக்காரன் காலத்துது' கதையை நிறுத்தச் சொல்லலாம்.

இதைவிடத் துல்லியமானது ஒன்று இருக்கிறது, பலர் கீறல் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். 1950 முதல் பர்மிங்காமில் குறுக்குக் கோடுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு குறி குத்தினார்கள்: இடப்பக்கம் வருட எழுத்து, வலப்பக்கம் ஊரைக் குறிக்கும் பி, கீழே சோதித்தவரின் எண். இடது எழுத்து ஏ என்றால் 1950, பி என்றால் 1951, சி என்றால் 1952. இது கிடைத்துவிட்டால் பதிவேடே தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் 1921-இலிருந்தும் இதுபோல் ஒரு எழுத்து வரிசை இருந்தது; வடிவம் வேறு.

ஒரு எச்சரிக்கை. முத்திரை சொல்வது சோதித்த வருடம், பிறந்த வருடம் அல்ல. கிரீடத்தின் கீழ் ஆர் எழுத்து இருந்தால் மறுசோதனை. 1910-இல் செய்த துப்பாக்கி 1960-இல் மறுசோதனைக்குப் போயிருந்தால் இரண்டு காலத்து முத்திரையும் ஒரே பட்டையில் நெருக்கியடித்து நிற்கும். பழையதைக் காட்டி விலை சொல்வார்கள். நீங்கள் புதியதைப் பாருங்கள், தோட்டா விஷயத்தில் செல்லுபடியாவது அதுதான்.

இப்போது இந்தத் துப்பாக்கியின் உண்மையான குறை. பழைய வெப்லிகளில் பல 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. சேம்பர். இன்று கடையில் கிடைக்கும் 12 போர் தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மி.மீ. 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. சேம்பரில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும், பூட்டும் விழும். ஏனென்றால் தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்டு விரிந்த பிறகான நீளம்; மடிப்போடு இருக்கும்போது அது குட்டை. சுடும்போது மடிப்பு விரிந்து சேம்பரைத் தாண்டிக் குறுகும் இடத்தில் போய் அடைக்கும். ரவை அந்த நெருக்கடியில் பிதுங்கிப் போக, அழுத்தம் எகிறும். முதல் வெடியில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் 'நான் பல வருஷமா இதான் போடறேன்' என்கிறார்கள். குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் இடையே ஆட்டம் விழுவது, கட்டையின் தலைப்பகுதியில் விரிசல் ஓடுவது எல்லாம் இதன் பலன். சேம்பர் கேஜ் வைத்து அளந்துவிட்டு, முத்திரையோடு ஒப்பிடுங்கள். முத்திரையில் 2½, அளவில் 2¾ என்றால் யாரோ உள்ளூரில் சேம்பரை நீட்டிவிட்டு மறுசோதனை செய்யவில்லை. அதை விட்டுவிடுங்கள்.

விட்டத்தையும் அளக்க வேண்டும். பின்முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே, போர் கேஜால். .729 என்று குத்திய குழல் .740-ஐத் தொட்டுவிட்டால் சோதனை காலாவதியானதாகவே கணக்கு. துருக்குழியை எடுக்க உள்ளே கடைந்து கடைந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் பழைய குழலைக் கண்டால் சந்தோஷப்படாமல் அளங்கள். சுவர்த் தடிமன் எந்த இடத்திலும் 0.020 அங்குலத்துக்குக் கீழே போனால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மற்ற சோதனைகளுக்குக் கருவி தேவையில்லை. முன்கட்டை இல்லாமல் பூட்டிப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தட்டுகிற உணர்வு இருந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. பூட்டிய நிலையில் மேல் நெம்பு நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் நின்றால் இன்னும் ஆயுள் இருக்கிறது, இடப்பக்கம் தாண்டிவிட்டால் தேய்மானம். குழலைக் கொக்கியில் விரலால் தொங்கவிட்டுத் தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும். கரகரத்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடு ரிப் விட்டிருக்கிறது.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூர், தேன்கனிக்கோட்டை மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். பூட்டுக்குள் அதைப் பூசி வைத்தால் ஊசி மந்தமாக அடித்துத் தோட்டா பொய்க்கும். தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல், அதுவும் ஒரு சொட்டு.

காகிதம் இந்த ஊர்களுக்கே உரிய சங்கதி. தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. அதனால் தாத்தா காலத்து உரிமப் புத்தகத்தில் சேலம் கலெக்டர் முத்திரை இருந்தால் பயப்பட வேண்டாம்; துப்பாக்கி 1965-க்கு முன்பே கையில் இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஒவ்வொரு முறை புத்தகம் மாறும்போதும் நம்பரைக் கையால் பெயர்த்தெழுதியிருப்பார்கள் என்பதுதான் பிரச்சினை. 3-ம் 8-ம், 1-ம் 7-ம் இடம் மாறியிருக்கும். துப்பாக்கியில் உள்ள நம்பரும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால், கைமாற்றத்துக்கு முன்பே விற்பவர் கலெக்டர் அலுவலகத்தில் திருத்தி வாங்கித் தர வேண்டும். புத்தகத்துக்கு யு.ஐ.என். எண் (உரிமத்தின் தனி அடையாள எண்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், ஏற்கெனவே இரண்டு இருப்பவர்கள் ஆசைப்பட்டுப் பயனில்லை.

மங்கிய நம்பரை 'ஆழமா வெட்டித் தரேன்' என்று சொல்லும் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 8-இன்படி நம்பரை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கவும் முடியாது. பெயரும் இல்லாமல் முத்திரையும் இல்லாமல் அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் சொல்லப்படும் நாட்டுத் துப்பாக்கிகளுக்கும் இந்த மதிப்புரைக்கும் சம்பந்தமில்லை. அவற்றை வருடம் பார்க்க வேண்டாம், ஒப்படைத்துவிட வேண்டும்.

போட்டிக்கு நிற்பவை: பெல்ஜியம் துப்பாக்கியில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்து இருக்கும், அதன் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. விலை குறைவு, தரம் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்பெயின் ஐபார் துப்பாக்கியில் 1927-ஐ ஏ என்று வைத்து வருட எழுத்து ஓடும், கண்டுபிடிக்க எளிது. இரும்பு கொஞ்சம் மென்மை, ஊசியும் விசையும் சீக்கிரம் தேயும். 70 மி.மீ. தோட்டாதான் போடுவேன், அளக்கப் பொறுமையில்லை என்பவருக்கு 70 மி.மீ. சேம்பரோடு வரும் இந்திய ஆர்டினன்ஸ் (அரசு ஆயுதத் தொழிற்சாலை) ரெட்டைக்குழலே போதும். கனம்தான், அழகில்லைதான், ஆனால் கவலையும் இல்லை.

வெப்லி வாங்கியவர்கள் ஒன்று செய்து வையுங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒப்படைக்கும் முன் அடிப்பட்டை இரண்டையும், நாலு இடத்து நம்பரையும் படமெடுத்து, ரசீதில் நம்பரைச் சரிபார்த்து, குழலுக்குள் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். திரும்பி வந்த அன்றே குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதுத் துரு அன்றைக்குத் துணியில் வந்துவிடும், அடுத்த மாதம் வராது.