கிறிஸ்துமஸ் குக்கீக்கு எது நல்லது: தேங்காய் எண்ணெயா, வேர்க்கடலை விழுதா?

முட்டையும் வெண்ணெயும் சேர்க்காமல் குக்கீ செய்வதில் முட்டை ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வைத்தால், பத்து நிமிடத்தில் கொழகொழப்பாகிவிடும். சிக்கலெல்லாம் வெண்ணெயில்தான். குக்கீ பரவுவதா, நிற்பதா, வாயில் கரைவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்யும் மார்ஜரினை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதி இருப்பதால் பழைய பயம் குறைந்திருக்கிறது. ஆனால் சில வகைகளில் பால் பொருள் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் வாங்க முடியாது. வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் கேக் துண்டு மாதிரி வரும், மறுநாளே நமத்துப்போகும். ஆக, மிச்சம் தேங்காய் எண்ணெயும் வேர்க்கடலை விழுதும்.

தேங்காய் எண்ணெயில் செய்த குக்கீ கடித்ததும் பொடிந்து கரையும். செக்கு எண்ணெயாக இருந்தால் அடுப்பறை முழுக்க மணக்கும். நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் சிக்கு வாடையும் எளிதில் வராது. ஆனால் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும் அந்த நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கும் மேல். உடம்புக்கு நல்லது என்று சொல்லித்தான் வெண்ணெயை விடுகிறோம் என்றால், இந்தக் கணக்கில் வெண்ணெயைவிட இது ஒரு படி மேலேதான் நிற்கிறது. வேர்க்கடலை விழுதில் மொத்தக் கொழுப்பே ஏறக்குறைய பாதிதான். அதிலும் நிறைவுற்றது 10 சதவீதத்தை ஒட்டி. கூடவே கால் பங்கு புரதம்.

ஆனால் என்னை வேர்க்கடலைப் பக்கம் சாய்த்தது இந்த எண்கள் அல்ல, சென்னை வெயில். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகிவிடும். வெண்ணெய் முழுதாக உருக 32 டிகிரியாவது வேண்டும். டிசம்பரிலும் இங்கே பகலில் 28, 29 டிகிரி. ஓவன் எரியும் அடுப்பறையில் இன்னும் கூடுதல். மாவைப் பிரிட்ஜில் வைத்து இறுக்கலாம். எடுத்துத் தேய்த்து, நட்சத்திர அச்சை அழுத்தி, தட்டுக்கு மாற்றுவதற்குள் ஓரம் பளபளக்க ஆரம்பிக்கும், கைவிரலில் எண்ணெய் ஒட்டும். ஓவனுக்குள் போனதும் நட்சத்திரத்தின் ஐந்து முனையும் மழுங்கிவிடும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குப் பக்கம் தண்ணீர் இருக்கிறது, தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. அதனால் வெண்ணெய் 100 கிராம் என்றிருக்கும் செய்முறையில் 80 கிராம் எண்ணெய் போதும். அப்படிக் குறைத்தாலும் பரவுவது குறையுமே தவிர நிற்காது.

பெங்களூரில் இருக்கும் என் தங்கை இதை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "அக்கா, இங்க பாட்டில்லயே உறைஞ்சு கிடக்கு, கரண்டியால சுரண்டித்தான் எடுக்கணும்" என்பாள். அவள் சொல்வதும் சரிதான். பெங்களூரு, ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தேங்காய் எண்ணெய் வெண்ணெய் செய்கிற வேலையைச் செய்யும்.

வேர்க்கடலை விழுதுக்கு இந்த வெயில் பொருட்டில்லை. கடலையின் சக்கையும் புரதமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவைப் பிரிட்ஜில் வைக்காமலே உருட்டலாம். விழுதை வீட்டிலேயே அரைப்பது நல்லது. கடை பாட்டில்களில் பலவற்றில் சர்க்கரையும் கெட்டிப்படுத்திய எண்ணெயும் இருக்கும். சுருங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு மிதமான தீயில் தோல் வெடிக்கும்வரை வறுத்து, ஆறியதும் தேய்த்துப் புடைத்து மிக்ஸியில் போடுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றும். பலர் இங்கேதான் எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள். வேண்டாம். வழித்துவிட்டு, ஜார் ஆறும்வரை பொறுத்து, மறுபடி ஓட்டினால் தானே எண்ணெய் கசிந்து இட்லி மாவுப் பதத்தில் சரியும்.

இந்த விழுது 200 கிராம், கோதுமை மாவு 100, கேழ்வரகு மாவு 50, நாட்டுச் சர்க்கரை 100, ஒரு பங்கு ஆளி விதைக் கரைசல், கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. மாவு உதிர்ந்தால் தேங்காய்ப் பால் இரண்டு மூன்று கரண்டி. உருட்டி, முள்கரண்டியால் அழுத்தி, 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். கேழ்வரகு கறுப்பாக இருப்பதால் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. ஓரம் இறுகி நடு லேசாக மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், ஆறும்போது இறுகும். நாட்டுச் சர்க்கரையில் கலோரி வெள்ளைச் சர்க்கரைக்குச் சமம்தான். ருசிக்காகப் போடுகிறேன், ஆரோக்கியத்துக்காக அல்ல.

வேர்க்கடலையிலும் குறை உண்டு. கரையும் மென்மை வராது, கொஞ்சம் நறநறக்கும். எல்லாவற்றையும் மீறிக் கடலை ருசிதான் நிற்கும். ஏலக்காயெல்லாம் எடுபடாது, சுக்குப் பொடி ஓரளவு எடுபடுகிறது. தேங்காய் எண்ணெய்க் குக்கீ அளவுக்கு நாள் தாங்காது என்றும் நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் டப்பாவில் எதுவும் மிஞ்சியதில்லை, அதனால் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அந்த வீட்டுக்குத் தேங்காய் எண்ணெயில் தனியாகச் செய்யுங்கள். அச்செல்லாம் வேண்டாம், வட்டமாகவே தட்டிவிடலாம். கடலை அரைத்த ஜாரையும் சுட்ட தட்டையும் அதற்குத் தொடாதீர்கள்.