கோடாப்: இலைக் கணக்கு பார்க்க ஒரு இலவசக் கருவி

கோத்தகிரி பக்கம் தேயிலை வைத்திருப்பவர்கள் வீட்டில், பறித்த இலையின் எடையைக் குறித்து வைக்கும் இலைக் கணக்கு நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். எங்கள் குழுவில் அதை எக்செலில் ஏற்றி, கூடலூர் சொந்தக்காரர்களின் கணக்கையும் மழை அளவையும் சேர்த்தோம். ஆனால் எக்செலில் வரைபடம் போட்டால், ஓரமாகத் தனியே நிற்கும் புள்ளி யாருடைய தோட்டம் என்று திரும்பவும் வரிவரியாகத் தேட வேண்டியிருக்கிறது.

கோடாப் (CODAP) என்ற இணையக் கருவி இந்த வேலைக்கு அருமை. அமெரிக்காவின் கன்கார்ட் கன்சார்ட்டியம் என்ற கல்வி அமைப்பு பள்ளி மாணவர்களுக்காகச் செய்தது, பிரவுசரிலேயே ஓடும், புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. எக்செல் கணக்கை சிஎஸ்வி (CSV) ஃபைலாகச் சேமித்து, அதை உள்ளே இழுத்துவிட்டு கிராஃபைத் திறந்தால் முதலில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மழையைக் கீழ் அச்சிலும் இலை எடையை இடது அச்சிலும் கொண்டுபோய் விட்டதும் தானாக நகர்ந்து இடம் பிடிக்கின்றன.

எங்களுக்கு முதலில் வந்தது தலையும் காலும் புரியாத ஒரு கூட்டம். சரி என்று ஊர்ப் பெயரை இழுத்து நடுவில் விட்டதும் இரண்டு நிறமாகப் பிரிந்தது. கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழை. இது மலையில் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் இரண்டையும் கலந்து சராசரி போட்டால் மழைக்கும் இலைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, நல்ல மழை பெய்தும் இலை குறைந்த புள்ளிகளை மவுஸால் வளைத்தால் அட்டவணையிலும் பக்கத்தில் போட்டிருந்த இலை விலை கிராஃபிலும் அதே வரிகள் தனியாகத் தெரிவதுதான். பார்த்தால் பாதிக்கு மேல் கவாத்து வெட்டிய, அதாவது செடியின் கிளைகளைக் கழித்துவிட்ட தோட்டங்கள்! அப்புறம் கவாத்துக்கே ஒரு பத்தி சேர்த்தோம். மழை பெய்து கொழுந்து வர நாளாகும் என்பதால் முந்தைய மாத மழையையும் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு முந்தைய வரியின் மதிப்பை எடுத்துத் தரும் 'பிரீவ்' (prev) ஃபார்முலா இருக்கிறது, வரிசை மட்டும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மாதவாரியாக இருக்கட்டும். போக்குக் கோடும், புள்ளிகள் அந்தக் கோட்டோடு எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்று காட்டும் ஆர் ஸ்கொயரும் ஒரு கிளிக்கில் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு காரணம் கண்டுபிடித்ததாக யாரும் குதிக்க வேண்டாம்.

பத்திகளுக்குத் தமிழில் தலைப்பு வைப்பவர்கள் எக்செலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமியுங்கள், இல்லாவிட்டால் வெறும் கேள்விக்குறிதான் மிஞ்சும். போனில் முயற்சி செய்யாதீர்கள், பெரிய திரை வேண்டும். எஸ்டேட் அளவில் லட்சக்கணக்கில் வரிகள் இருந்தால் இது சரிப்படாது, புரோகிராமிங் மொழியான பைத்தானில், வரைபடம் போட உதவும் பிளாட்லி பக்கம் போங்கள்.