சட்டமா, மூலைவிட்டமா? நாற்கர உறவுகளைக் காட்ட இரு வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாற்கரங்களின் உறவை விளக்க ஐஸ்கிரீம் குச்சிகளும் செம்பனை ஓலையின் ஈர்க்குகளும் போதும்.

முதல் வழி சட்டம். நான்கு குச்சிகளில் துளைக்குத் துளை 10 செ.மீ. விட்டு போல்ட், நட்டால் இணையுங்கள். (குச்சியின் முழு நீளத்தை அளந்தால் பக்கங்கள் சமமாக வராது.) தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகச் சரியும். சுற்றளவு 40 செ.மீ.யாகவே இருக்கும், கோணம் 30 பாகையானதும் பரப்பளவு 100 ச.செ.மீ.யிலிருந்து 50 ஆகும். இரண்டு எதிர்க்குச்சிகளை 6 செ.மீ. ஆக்கித் தள்ளினால் செவ்வகம் இணைகரமாகும். ஆனால் செவ்வகத்தைச் சாய்சதுரமாக்க முடியாது. சட்டம் அங்கேயே நின்றுவிடும்.

மூலைவிட்ட வழி இன்னும் தூரம் போகும். 20 செ.மீ. ஈர்க்குகள் இரண்டை நடுவில் நூலால் கட்டி, முனைகளைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டுங்கள். ஈர்க்குகள் மூலைவிட்டங்கள், ரப்பர் பக்கங்கள். எந்தக் கோணத்திலும் செவ்வகம்; செங்குத்தானால் சதுரம். ஒன்றை 14 செ.மீ.க்கு நறுக்கி மீண்டும் நடுவில் கட்டினால் இணைகரம், செங்குத்தில் சாய்சதுரம். செங்குத்தாகவே வைத்து, நீள ஈர்க்கின் முடிச்சை மட்டும் முனையிலிருந்து 6 செ.மீ.க்கு நகர்த்தினால் பட்டம். சம ஈர்க்குகள் இரண்டிலும் முடிச்சு 8 செ.மீ.யில் இருந்தால் இருசமபக்கச் சரிவகம்.

செம்பனை ஈர்க்கின் நுனி மெலிந்தது. இறுக்கமான ரப்பரில் வளைந்து வடிவத்தைக் கெடுக்கும். அடிப்பகுதியையே வெட்டுங்கள். துளை போட்டால் பிளந்துவிடும்.

ஒருநாள் பாடத்துக்குச் சட்டம் சரி. சதுரம் ஏன் செவ்வகமாகவும் சாய்சதுரமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு ஈர்க்கைக் கொடுங்கள்.