நரசிங்கம்பேட்டையில் வாங்கிய ஒற்றை நாயனம்

ஆடுதுறைக்குப் பக்கத்து ஊர். நாதஸ்வரக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு பட்டறையில் இரண்டு கட்டைச் சுருதியில் பாரி நாயனம், அதாவது நீளமான நாதஸ்வரம், வாங்கி ஏழு மாதம் ஆகிறது. எப்படி இருக்கிறது என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

போனதும் ஆசாரி, "ஜோடிதானே?" என்றார். அண்ணனும் நானும் 31 வருஷம் ஜோடியாகத்தான் வாங்கினோம். "ஒண்ணு போதுங்க" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

உலவு, அதாவது குழல் பகுதி, ஆச்சா மரம், பழைய வீடு இடித்த உத்தரக் கட்டை. நன்றாகக் காய்ந்தது. முன்பு வேறோர் ஊர்க் கடையில் நான் வாங்கிய நாயனம் ஒரே சித்திரையில் கீறல் விட்டது. "மரத்தைப் பாக்காம பாலீஷைப் பாத்திருக்கே" என்று அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை.

சுருதி சேர்க்க அண்ணன் நாயனத்தையும் கொண்டுபோயிருந்தேன். விரல் வைக்கும் ஏழு துளை போக, கீழே ஐந்து துளை உண்டு. அதில் மெழுகு வைத்துத்தான் சுருதியைச் சரிசெய்வோம். அண்ணன் வைத்த மெழுகில் அவர் கட்டைவிரல் நகம் பிறை மாதிரி பதிந்திருக்கிறது. துளையை அளக்க ஆசாரி அதைச் சுரண்டப் போனார். "அது இருக்கட்டுங்க." சரி என்று, ஊதச் சொல்லிக் காதாலேயே சேர்த்துவிட்டார். கைகாரர்.

சுத்த மத்யமம் (சின்ன 'ம' ஸ்வரம்) நேராக நிற்கிறது, உதட்டால் இழுக்க வேண்டாம். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் ரங்கநாதன் ஆசாரி இந்த ஊரில் செய்த திருத்தம் அது. 2022-ல் வந்த புவிசார் குறியீடெல்லாம் அப்புறம்தான். குறை என்றால், கீழ் ஸ்தாயியில் கரகரப்பு இன்னும் போகவில்லை. வாசித்துத்தான் பழக்க வேண்டும்.

காற்றும் அதிகம் கேட்கிறது என்று முதலில் நினைத்தேன். நாயனத்தின் மேல் தப்பில்லை. அண்ணன் மூச்சு வாங்குமிடத்தில் நான் பிடிப்பேன், நான் விடுமிடத்தில் அவர். போன மாதம் சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி, புறப்பாட்டுக்கு வாசிப்பது. பழக்கதோஷத்தில் அவர் எடுக்குமிடத்தில் விட்டுவிட்டேன். தவில்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அந்த இடத்தைச் சொற்கட்டால் நிரப்பினார்.

வாங்கப் போகிறவர்கள் வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒற்றையாகவும் செய்து தருகிறார்கள். ஆனால் ஜோடியா என்று கேட்பார்கள்.