பழைய கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பரணில் கிடந்த டெஸ்க்டாப்பை மகளுக்காகத் தயார் செய்யலாம் என்று எங்கள் ஏரியா கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒரு ராம், அதாவது மெமரிப் பட்டை, காணோம். புதுசு என்று விற்ற எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான டிஸ்க்) புதுசு இல்லை. அம்மாவின் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கைத் துடைத்தெடுத்துவிட்டார்கள். பணம் போனதைவிட அந்தக் கடைசி விஷயம்தான் இன்னும் ஆறவில்லை.

மகள் ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். சி++ புரோகிராம் போட்டுப் பார்க்க தினமும் என் ஆபீஸ் லேப்டாப்புக்குக் காத்திருப்பாள். வீட்டில் 2013-இல் அசெம்பிள் செய்த மெஷின் இருந்தது. இன்டெல் தேர்ட் ஜென் (மூன்றாம் தலைமுறை) ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒரு எஸ்எஸ்டி போட்டால் போதும், சாப்பாட்டு மேசை ஓரத்தில் இன்னொரு இடம் ரெடி என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் இன்றும் தப்பில்லை. அந்தக் காலத்து மெஷினுக்கு எஸ்எஸ்டிதான் உயிர்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "விண்டோஸ் 10-க்குப் போன அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுருச்சு சார், 11 போட்டுத் தர்றேன்" என்றார். சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது வேறு: விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எய்த்து ஜென்னாவது வேண்டும். என் மெஷினில் இரண்டும் கிடையாது. இவை இருக்கின்றனவா என்று விண்டோஸ் பார்க்கும் சோதனையைத் தாண்டி ஏற்றினால் ஓடத்தான் செய்யும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. நான்கு நாள் கழித்து 6,800 ரூபாய் யுபிஐயில் கட்டினேன். பில் கேட்டதற்கு "நம்ம கடைதானே சார்" என்றார். விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் மகள் கூப்பிட்டாள். "அப்பா, இதுல 4 ஜிபிதான் காட்டுது." டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஸ்லாட் இரண்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் என்று இருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்லாட் காலி. பன்னிரண்டு வருஷத் தூசி அதன் இரு பக்கமும் படிந்திருக்க, பள்ளம் மட்டும் சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் எஸ்எஸ்டி மேலும் சந்தேகம் வந்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புது எஸ்எஸ்டியில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். என்னுடையதில் 19,412. இடைவிடாமல் ஓடியிருந்தாலே இரண்டு வருஷத்துக்கும் மேல். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போனால், சி டிரைவ் முழுவதையும் சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைத்திருக்கிறார்கள், காசு கட்டாமல் விண்டோஸை ஓட வைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அந்த மெஷினில்தான் ஒரு முறை நெட் பேங்கிங் திறந்தேன். அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன்.

கடையில் போய்க் கேட்டேன். "நீங்க கொடுக்கும்போதே ஒரு ராம்தான் சார் இருந்துச்சு." 2013 பில்லைக் காட்டினேன். அது எதையும் நிரூபிக்காது என்று எனக்கே தெரியும். ஹார்டு டிஸ்க் பற்றிக் கேட்டதும், "ஸ்லோவா இருந்துச்சு, ஃபார்மேட் பண்ணி டி டிரைவா போட்டோம்" என்றார், ஏதோ நல்லது செய்தது போல. கொடுக்கும்போது அதைத் தொடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை வைத்து இரண்டு இரவு உட்கார்ந்தேன். குயிக் ஃபார்மேட் (ஃபைல் பட்டியலை மட்டும் அழிப்பது) என்பதால் நிறைய மீண்டது. ஆனால் பெயரும் ஆல்பமும் போய், வெறும் எண்களாக. மகள் அதற்குள் டி டிரைவில் பாட வீடியோக்களை இறக்கியிருந்தாள். அவை விழுந்த இடத்தில் இருந்தவை போயே போய்விட்டன. அம்மா வாசல் கோலத்துப் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று பாதி வந்தது. முகம் இருக்கிறது, தோளுக்குக் கீழே சாம்பல் பட்டை. உங்களுக்கும் இப்படி ஆனால், மெஷினை அந்த நிமிஷமே நிறுத்திவிடுங்கள், எதையும் அதில் சேமிக்காதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினைக் கொடுங்கள். இரண்டு கேபிள், நான்கு ஸ்க்ரூ, அவ்வளவுதான். ராம் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரைக் கடைக்காரர் கண் முன்னாலேயே போட்டோ எடுங்கள். எஸ்எஸ்டி பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். காசு கொடுக்கும் முன், கடையிலேயே அந்த மணி நேரக் கணக்கைப் பாருங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

மெஷினை இப்போது முழுதாக அழித்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிவிட்டேன், இன்னொரு 4 ஜிபி ராமும் போட்டாயிற்று. மகள் சி++ எழுதும் கோட் பிளாக்ஸ் மென்பொருள் நன்றாக ஓடுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். யுபிஐ ரசீதும் டிஸ்க் ஸ்கிரீன்ஷாட்டும்தான் கையில் இருக்கும் ஆதாரம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.